தீவில் செல்லாது

ஒப்பந்தத்தை வாசிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர்களால்தான் என் வீட்டில் அடுப்பு எரிகிறது. பாரிசில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் 2009இல் சேர்ந்தேன். தொலைபேசியில் வருகிறவர்களிடம், "மன்னிக்கவும், அது உங்கள் ஒப்பந்தத்தில் சேராது" என்று மரியாதையாகச் சொல்வதுதான் என் உத்தியோகம். அதைச் சொல்வதற்கேற்ற நல்ல குரல் என்று மேலதிகாரி பாராட்டியிருக்கிறார். அப்படிப்பட்ட நான் ஒரேயொரு ஒப்பந்தத்தை வாசிக்காமல் கையெழுத்துப் போட்டேன். அதனால் என் கல்யாணமே மயிரிழையில்தான் தப்பியது. (மயிரிழை என்பது என் மனைவியின் மதிப்பீடு. மாமனாரைக் கேட்டால் அவ்வளவு தடிப்பும் இல்லை என்பார்.)

2013ஆம் ஆண்டு. எனக்கு இருபத்தொன்பது வயது. எனக்கும் தர்சினிக்கும் நகரசபையில் பதிவுத் திருமணம் முடிந்திருந்தது. பிரெஞ்சு அரசாங்கத்தின் பார்வையில் நாங்கள் கணவன் மனைவி. தர்சினியின் தகப்பனுடைய பார்வையில் நான் அவர்கள் வீட்டுக்கு அடிக்கடி வந்து தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போகிற ஒரு பொடியன். தாலி கட்டுவதற்கு எட்டு மாதம் இருந்தது. அதுவரை அவள் சார்செலில் தாய் தகப்பனோடு, நான் லெ பிளாங்-மெனிலில் அக்கா வீட்டில். எங்கள் ஆட்களிடம் இது வழமை. முதலில் காகிதத்துக்கு ஒரு கல்யாணம், பிறகு சாமிக்கு ஒரு கல்யாணம். இடைப்பட்ட காலத்தில் மாப்பிள்ளை நல்ல பிள்ளையாக நடிக்க வேண்டும்.

மாமா ஊரில் தபாலதிபராக இருந்தவர். பாரிசுக்கு வந்து இருபது வருடம் ஒரு ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவி ஓய்வு பெற்றவர். அந்த இருபது வருடத்தில் அவரிடம் கழுவப்படாமல் மிஞ்சியது தபாலதிபர் குணம். பால் பெட்டியில் அச்சிட்டிருப்பதைக்கூடக் கடைசி எழுத்து வரை வாசிப்பார். பிரெஞ்சு தட்டுத் தடுமாறும். ஆங்கிலமோ அந்தக் காலத்துத் தபால் கந்தோர் ஆங்கிலம், மடிப்புக் கலையாதது. மது ஒரு சொட்டும் தொட்டதில்லை. எந்தத் தமிழ் விழா நடந்தாலும் மேடையேறி மதுவின் கேடு பற்றிப் பேசுவார். எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லாச்சப்பலில் நடக்கும்போது ஒரு பார் வந்தால் வீதியைக் கடந்து மறுபக்கம் போவார். மறுபக்கத்திலும் கொஞ்ச தூரத்தில் ஒரு பார் இருக்கிறது. அது வரும்போது திரும்பவும் இந்தப் பக்கம் வருவார்.

நானோ சும்மா ஆட்களோடு சேர்ந்தால் மட்டும் குடிக்கிறவன். எனக்கு வாரத்தில் ஏழு நாளும் ஆட்கள் சேர்ந்துகொண்டிருந்தார்கள். இது தர்சினிக்குத் தெரியும். மாமாவுக்குத் தெரியாது.

இந்த நிலைமையில்தான் ரொறொன்ரோவில் இருக்கிற தர்சினியின் பெரியம்மா, கல்யாணத்துக்கு முதல் எல்லோரும் ஒன்றாய்ப் பழகவேண்டும் என்று சொல்லி, அமெரிக்காவில் புறப்படுகிற ஏழு நாள் கப்பல் பயணம் ஒன்றைக் கண்டுபிடித்தார். எங்களை எல்லாம் கிளப்பிவிட்டுக் கடைசி நேரத்தில் முழங்கால் நோ என்று தான் நின்றுவிட்டார். மிஞ்சியது மாமா, மாமி, தர்சினி, நான். இரண்டு அறை. தாலி ஏறாத காரணத்தால் பெண்கள் ஒரு அறை, ஆண்கள் ஒரு அறை. சட்டப்படி கல்யாணம் முடித்த ஒருவன், கப்பலின் கீழ்த்தட்டில், யன்னல் இல்லாத அறையில், மாமனாரோடு ஏழு நாள். (அந்தக் கப்பலில் எங்களைப் பார்த்துப் புருவம் உயர்த்தாத அறைப் பணியாளர் இல்லை.)

லாச்சப்பலில் ஒரு சேலைக்கடைக்கு மேல்மாடியில் டிக்கெட் போடுகிற அண்ணை இருந்தார். பதிவுக்குப் போனபோது அவர் குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, குடிவகை பக்கேஜ் எண்டு ஒண்டு இருக்கு. ஒருக்காக் கட்டினா ஏழு நாளும் அளவில்லாமல். கார்ட்டைக் காட்டினாச் சரி. ஆனா ஒரு ரூமிலை ஒராள் எடுத்தா மற்றப் பெரியாளும் கட்டாயம் எடுக்க வேணும். அது அவங்கட சட்டம்."

"மற்ற ஆள் என்ர மாமா, அண்ணை."

அண்ணைக்கு மாமாவைத் தெரியும். லாச்சப்பலில் மாமாவைத் தெரியாதவர்கள் யாருமில்லை. பேனையை மேசையில் வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுக்குள்ளை ஜூஸும் இருக்குத்தானே?" என்று கேட்டேன்.

"இருக்கு."

"அப்ப அது ஜூஸ் பக்கேஜ்."

ஒப்பந்தம் பதினொரு பக்கம். ஆங்கிலம். நான் ஆறு வயதில் பிரான்சுக்கு வந்து பிரெஞ்சில் படித்தவன். ஆங்கிலத்தில் எனக்குச் சரளமாக வருவது ஓக்கே ஒன்றுதான். "வாசிச்சுப் போட்டு வையும்" என்றார் அண்ணை. "அண்ணை, இது என்ர தொழில்" என்று சொல்லிக் கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். பிரெஞ்சு ஒப்பந்தங்களில் கையெழுத்துக்கு மேலே 'வாசித்தேன், ஏற்றுக்கொண்டேன்' என்று எங்கள் கையாலேயே எழுத வைப்பார்கள். லூ ஏ அப்ரூவே. அந்தக் கப்பல்காரர்கள் அதைக் கேட்கவேயில்லை. கேட்காமலேயே எழுதிக் கொடுத்தேன்.

மாமாவிடம், "உங்களுக்கும் சேர்த்து ஜூஸ் பக்கேஜ் எடுத்திருக்கிறன் மாமா, ஏழு நாளும் அளவில்லாமல்" என்று சொன்னபோது அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். "எனக்கு ஒருத்தரும் இப்பிடி ஒண்டும் எடுத்துத் தந்ததில்லை, தம்பி" என்றார். எனக்குக் கொஞ்சம் குற்ற உணர்வு வந்தது. அதிக நேரம் தங்கவில்லை. அடுத்த நாள் மரக்கறிக்கடை, தேத்தண்ணீர்க்கடை, முடிவெட்டும் கடை எல்லாவற்றிலும், மருமகன் கப்பல் முழுக்க ஜூஸ் எடுத்துக் கொடுத்த செய்தி பரவியிருந்தது.

புறப்படுவதற்கு முந்தின கிழமை அலுவலகத்துக்கு ஒரு அழைப்பு வந்தது. வில்லியே லே பெல்லில் இருக்கிற எங்கட ஆள் ஒருவர். குழந்தை வண்டியை வீட்டு வாசலுக்கு வெளியே, படிக்கட்டு ஓரமாக வைத்திருக்கிறார். யாரோ கொண்டுபோய்விட்டார்கள். வீட்டுக்கு உள்ளே இருந்திருந்தால் ஒப்பந்தத்தில் சேரும்.

"தம்பி, படி எங்கட கட்டடத்துக்குள்ளை தானே இருக்கு?" என்றார்.

"படி வீடில்லை, அண்ணை. ஒன்பதாம் பக்கம் பாருங்கோ" என்றேன். தமிழிலேயே சொல்ல முடிந்தது பற்றி எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

கப்பலில் முதல் நாள் மாமா நீச்சல்குளப் பக்கத்து பாரில், மஞ்சள் நிறத்தில், அன்னாசித்துண்டு சொருகி, ஒரு சின்னக் குடையும் குத்தியிருந்த கிளாஸ் ஒன்றைக் கண்டார். "அதுபோல ஒன்று" என்று கேட்டு வாங்கினார். அன்னாசியும் தேங்காய்ப்பாலும் என்று மாமிக்கு விளக்கினார். அன்றைக்கு மூன்று. அடுத்த நாள் ஐந்து. கார்ட்டைக் காட்டும்போது நெஞ்சை நிமிர்த்துவார். "என்ர மருமோன் எடுத்துத் தந்தது" என்று பக்கத்தில் நிற்கிற வெள்ளைக்காரரிடம் ஆங்கிலத்தில் அறிமுகப்படுத்துவார்.

மாமா மாறிப்போனார். லிப்டில் தேவாரம் பாடினார். பதிவுத்தபால் எப்படிப் போய்ச் சேருகிறது என்று ஒரு பிரேசில் நாட்டுத் தம்பதிக்கு ஒரு மணி நேரம் விளங்கப்படுத்தி, அவர்கள் போகும்போது இருவரையும் கட்டிப்பிடித்தார். மாமியை எல்லோருக்கும் முன்னால் "கமலா" என்று பேர் சொல்லிக் கூப்பிட்டார். மாமி வெட்கத்தில் முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, "கடல் காத்து இவருக்கு நல்லா ஒத்துக்கொண்டிட்டுது" என்றார். நானும் கடல் காற்று என்றுதான் நினைத்தேன். எனக்கு ஆராய நேரமில்லை. "நடந்திட்டு வாறன் மாமா" என்று மேல்தட்டுக்குப் போய் என் பங்கை முடித்து, வாய் நிறைய மின்ட் சப்பிக்கொண்டு கீழே இறங்குவதே பெரிய வேலையாக இருந்தது. ஒரு நாளும் அவர் என்னில் மணம் பிடிக்கவில்லை. மின்ட்டின் திறமை என்று நம்பினேன்.

ஐந்தாம் நாள் தீவு. கப்பல் கம்பனியின் சொந்தத் தீவு. வெள்ளை மணல், வரிசையாகத் தென்னை, தென்னைக்குத் தென்னை கட்டின ஊஞ்சல்படுக்கை. இறங்கும்போதே நான் உரத்து அறிவித்தேன்: "இஞ்சையும் கார்ட்தான் மாமா. கப்பலின்ர தீவுதானே." மாமா தொப்பியைச் சரிசெய்துகொண்டு முன்னால் நடந்தார். ஓலைக்கூரை போட்ட பாரில் ஏற்கெனவே நல்ல வரிசை. பின்னால் தர்சினியும் மாமியும்.

பாரில் நின்றவர் நீச்சல்குளத்து பாரில் நின்ற அதே ஆள். அதே பூப்போட்ட சட்டை. மாமாவைக் கண்டதும் முகம் மலர்ந்தது. கார்ட்டை வாங்கி யந்திரத்தில் வைத்தார். சிவப்பு வெளிச்சம்.

"மன்னிக்கவும் சார், பக்கேஜ் தீவில் செல்லாது."

மாமாவைப் பின்னால் நகர்த்திவிட்டு முன்னுக்குப் போனேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலம், தேவைப்பட்ட இடமெல்லாம் பிரெஞ்சு, கோபம் வந்த இடங்களில் தமிழ். தீவு யாருடையது? கம்பனியுடையது. பார் யாருடையது? கம்பனியுடையது. நீ யார்? நேற்றுக் கப்பலில் ஊற்றிய அதே ஆள். போத்தலும் கப்பலில் இருந்து வந்தது. நாங்களும் கப்பலில் இருந்து வந்தோம். கப்பல் அதோ கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. அளவில்லாதது என்று எழுதிப்போட்டு ஏழு நாளில் ஒரு நாளை உருவி எடுத்தால் அதற்குப் பெயர் அளவில்லாததா?

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு மிக மரியாதையாக, நல்ல குரலில் சொன்னார்: "தீவு கப்பல் இல்லை, சார். பதினோராம் பக்கத்தில் இருக்கிறது."

அந்தக் குரல் எனக்குத் தெரிந்த குரல். படி வீடில்லை, அண்ணை. அப்போதே வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். தீவில் தண்ணீர் சும்மா கிடைத்தது. எலுமிச்சைத் தண்ணீர்கூட ஒரு பீப்பாயில் வைத்திருந்தார்கள். ஆனால் எனக்குப் பின்னால் மாமா நிற்கிறாரே! "சரி, நான் காசு தாறன். மாமாவுக்கு வழமையாகக் குடிக்கிறதைக் குடு" என்றேன், ஒரு ஜமீன்தார் தோரணையில்.

கப்பலில் எல்லாம் கார்ட்டுக்குள் அடக்கம் என்பதால் யாரும் ஒன்றையும் விசாரிப்பதில்லை. தீவில் விலை போடவேண்டும். ஆகவே அவர் கேட்டார்: "ரம் போட்டது ஒரு விலை, போடாதது ஒரு விலை. எது, சார்?"

"ரம் போடாதது" என்றேன் அவசரமாக.

"ஆனால் இவர் எப்போதும் ரம் போட்டதைத்தானே குடிப்பார்" என்றார் அந்தப் பாவி மனிதர். "அளவு கொஞ்சம் தாராளமாகவே ஊற்றுவேன். ஒவ்வொரு முறையும் என் தலையில் கைவைத்து ஆசீர்வாதம் பண்ணுவாரே!"

மாமா என்னை மெதுவாக விலக்கினார். அந்த மடிப்புக் கலையாத ஆங்கிலத்தில், கடந்த நான்கு நாட்களாகத் தான் அருந்தியது இன்னதென்று தயவுசெய்து அறியத்தர முடியுமா என்று கேட்டார். பார்க்காரர் போத்தலையே எடுத்துக் காட்டினார். மாமா வாங்கி, தூரப் பிடித்து, சுற்றியிருந்த எழுத்து முழுவதையும் வாசித்தார். நாடு, ஆண்டு, மது வீதம், கர்ப்பிணிகளுக்கான எச்சரிக்கை. திருப்பிக் கொடுத்தார். நன்றி சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, இது என்ன பக்கேஜ்?"

"குடிவகைப் பக்கேஜ் மாமா. ஜூஸும் அதுக்குள்ளை..."

"எனக்கு ஏன் எடுத்தனீர்?"

"ஒரு ரூமிலை ஒராள் எடுத்தா மற்ற ஆளும் எடுக்க வேணும் எண்டு சட்டம்..."

"அந்த ஒராள் ஆர்?"

வரிசையில் நின்றவர்களுக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் எல்லோரும் விளங்கிக்கொண்டு என்னையே பார்த்தார்கள். மாமா போய் ஒரு தென்னைக்குக் கீழே, கடலுக்கு முதுகைக் காட்டியபடி இருந்தார். மேடை மேடையாகப் பேசிய மனுஷன், என்னால் நாலு நாள் வெறியில் நடந்திருக்கிறார். அதை நினைக்க எனக்கு அழுகை வந்தது. இவ்வளவுக்கும் நடுவே, அடுத்து நின்றவர் சாவகாசமாக இரண்டு பியர் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

கொஞ்ச நேரத்தில் தர்சினி வந்தாள். "நீங்கள் குடிக்கிறது எனக்குத் தெரியும். அப்பாவுக்கு ஜூஸ் எண்டு சொல்லிப் பரிசாக் குடுத்தது எனக்குத் தெரியாது. அவர் சனத்துக்கெல்லாம் சொல்லிச் சொல்லிச் சந்தோசப்பட்டவர்." மூச்சு விட்டாள். "கல்யாணத்தைப் பற்றி இனி யோசிப்பம் எண்டு சொல்லுறார்."

மிச்ச இரண்டு நாளும் அந்த யன்னலில்லாத அறையில் நானும் மாமாவும். அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: ஒப்பந்தம். கொடுத்தேன். தண்ணீர்ப் போத்தலை மேசையில் வைத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து வாசித்தார். சில வரிகளுக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டார். இரவு உணவுக்கும் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தார். நான் மேல்தட்டுப் பக்கமே போகவில்லை. பக்கேஜ் அளவில்லாமல் கிடந்தது.

கடைசி நாள் காலைச் சாப்பாட்டில் தீர்ப்பு வந்தது.

"பதினோராம் பக்கம், நாலாவது பந்தி. தீவிலை செல்லாது எண்டு வடிவா எழுதியிருக்கு. கம்பனியிலை பிழையில்லை."

என்னால் பொறுக்க முடியவில்லை. "மாமா, அளவில்லாதது எண்டு முதல் பக்கத்திலை இவ்வளவு பெரிசா அடிச்சவன், தீவைத் தவிர எண்டதையும் அங்கையே அடிக்க வேண்டாமோ?"

"தீவு மிதக்குதோ?"

"இல்லை மாமா."

"அப்ப அது கப்பலில்லை. நீர் வாசிச்சனான் எண்டு கைப்பட எழுதியும் குடுத்திருக்கிறீர்." அந்தப் பக்கத்தைத் தட்டிக் காட்டினார். "கம்பனி எனக்குப் பொய் சொல்லேல்லை. நீர் சொன்னனீர்."

மாமி ஏதோ சொல்ல வந்தார். மாமா கையை உயர்த்தினார். பிறகு குரல் இறங்கியது. "நானும் பால் பெட்டியை வாசிக்கிறவன். கிளாசுக்குள்ளை என்ன எண்டு கேக்கேல்லை. நல்லாயிருந்தது, குடிச்சனான். அதாலை கலியாணம் நடக்கட்டும். ஆனா நானும் ஒரு கொந்த்ரா எழுதுவன், ஒப்பந்தம். நேரம் வரேக்கை தருவன்."

மாதக்கணக்காக அந்த நேரம் வரவில்லை. எனக்கு நித்திரை கெட்டது.

கல்யாணம் பாரிசின் புறநகர் மண்டபம் ஒன்றில். ஐந்நூறு பேர். மாமா மகளின் கையை என் கையில் வைத்துத் தாரை வார்க்க வேண்டிய இடம். ஐயர் செம்பை நீட்டினார். மாமா, "ஒரு நிமிஷம் ஐயா" என்றார். மேளகாரர் தாமாகவே நிறுத்தினார்கள். மாமா பட்டு வேட்டி மடிப்பிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளும் பேனையும் எடுத்தார். வீடியோக்காரர் வெளிச்சத்தைக் கிட்டக் கொண்டு வந்தார்.

தாளில் முத்து முத்தான எழுத்தில் ஒரே வரி: 'தர்சினிக்கு நான் சொல்வதெல்லாம் தீவிலும் செல்லும்.'

என் கண் நிறைந்துவிட்டது. மணவறையிலேயே தாளை முழங்காலில் வைத்து, மேலே லூ ஏ அப்ரூவே என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மாமா வாங்கினார். சரிபார்த்தார். பிறகு தாளை மெதுவாக மறுபக்கம் திருப்பி என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

பின்பக்கத்தில், எறும்பு அளவு எழுத்தில்: 'குடும்ப வைபவங்கள் யாவற்றிலும் மாப்பிள்ளை அருந்துவது ஜூஸ் மட்டுமே. ஊற்றுவது மாமனார்.'

"நீர் இன்னும் வாசிக்கேல்லை" என்றார் மாமா. செம்பைக் கையில் எடுத்தார்.

அன்றைக்கு என் நண்பர்கள் எல்லோரும் மண்டபத்துக் கார் நிறுத்துமிடத்தில், திறந்த கார் டிக்கிகளைச் சுற்றி நின்று எனக்காக வாழ்த்துச் சொல்லிக் குடித்தார்கள். நான் உள்ளே மாமாவுக்குப் பக்கத்தில் இருந்து அன்னாசி ஜூஸ் குடித்தேன். அவர் ஊற்றினார்.

இதெல்லாம் நடந்து இத்தனை வருடமாகியும் தீவில் செல்லவேண்டுமா கூடாதா என்ற வழக்கு லாச்சப்பல் தேத்தண்ணீர்க்கடையில் முடிந்தபாடில்லை. செல்ல வேண்டும் என்பது என் கட்சி. கப்பலில் ஆளைக் கட்டிப்போட்டு ஊற்றிவிட்டு, தன் தீவில் தானே இறக்கி, அங்கே வைத்துத் திரும்பவும் விற்பது வியாபாரமில்லை, பகிடி என்பேன். மிதக்காதது கப்பலில்லை என்பது மாமாவின் கட்சி. எழுதியிருப்பதை வாசிக்காதவனுக்குத் தாகம் எடுக்கவே உரிமையில்லை என்பார். அவரோடு வாதாடி நான் ஒரு நாளும் வென்றதில்லை. அலுவலகத்தில் அவர் கட்சியின் வசனங்களைத்தான் நான் இன்னும் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், சம்பளத்துக்கு. அந்தக் குழந்தை வண்டிக்காரர் ஒருநாள் தேத்தண்ணீர்க்கடையில் தன் வண்டிக் கதையைச் சொல்லக் கேட்டு ஆளை அறிந்துகொண்டேன்; சில நேரம் லாச்சப்பலில் காண்கிறேன். போன் குரல்தானே, என்னை அவருக்கு அடையாளம் தெரியாது. இருந்தாலும் வீதியைக் கடந்து மறுபக்கம் போய்விடுகிறேன்.

மாமா இப்போது எங்கள் வீட்டுக்கு வந்தால் அன்னாசி ஜூஸ் கேட்பார். கடையிலேயே நல்லதாகப் பார்த்து வாங்கி வைத்திருப்பேன். ஒரு மிடறு குடிப்பார். "ம், பரவாயில்லை" என்பார். கிளாசைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பார். மாமி அந்த நேரம் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்.

அந்தத் தாள் பிளாஸ்டிக் உறை போட்டு எங்கள் குளிர்சாதனப் பெட்டியில் காந்தத்தால் ஒட்டப்பட்டிருக்கிறது. வாக்குறுதி எதுவானாலும் இந்த வீட்டில் முதலில் வருவது அந்தக் கேள்விதான். வெள்ளிக்கிழமை நேரத்தோடு வருவேன் என்றால், "தீவிலை செல்லுமோ?" என்பாள் தர்சினி. மகளுக்கு இப்போது ஒன்பது வயது. நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில்தான் பதில் வரும், ஆனால் தமிழ் எழுத்து வாசிக்க மாமா பழக்கிவிட்டிருக்கிறார். போன கிழமை, அவளுடைய பள்ளிக்கூட நிகழ்ச்சிக்குக் கட்டாயம் வருவேன் என்று சொன்னேன்.

"சா மார்ஷ் சூர் லீல்?" என்றாள். தீவில் செல்லுமா?

"ஓம், செல்லும்" என்றேன்.

அவள் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு ஏறினாள். காந்தத்தைக் கழற்றித் தாளை எடுத்தாள். முன்பக்கத்தை ஒருமுறை வாசித்தாள். பிறகு திருப்பி, கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, பின்பக்கத்தை வாசிக்கத் தொடங்கினாள்.